கம்பளத்தின் மேல் நின்ற தூண்

எங்கள் கடைக்கு வரும் பெரியவர்களில் ஒன்றிரண்டு பேர் இன்னும் "கேபினட் சைஸ்ல ரெண்டு காப்பி போடு தம்பி" என்றுதான் கேட்கிறார்கள். அப்பா காலத்தில் இதற்கெல்லாம் ஒரு கணக்கு இருந்தது. வேலைக்கு மனுப் போட பாஸ்போர்ட் சைஸ், மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப கேபினட் சைஸ், கூடத்தில் மாட்ட அதைவிடப் பெரியது. கேபினட் என்றால் மந்திரிசபை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்ததால், மந்திரிமார் எடுத்துக்கொள்ளும் அளவு போலிருக்கிறது என்று சிறுவயதில் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அது 1866இல் இங்கிலாந்துப் படக்கடைகள் கொண்டுவந்த ஓர் அட்டை அளவு: நாலேகால் அங்குல அகலம், ஆறரை அங்குல உயரம். வரவேற்பறை அலமாரியின் மேல் நிறுத்தி வைத்தால் எதிர் நாற்காலியில் இருக்கும் விருந்தாளிக்கு முகம் தெரிய வேண்டும். அதற்குத் தோதான அளவு. நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து நம் ஊர்க் கல்லாவில் அதே பெயரைச் சொல்லிக் காசு வாங்கியிருக்கிறோம்.

சங்க மலர்க் குழுவினர் "நம் தொழிலின் சரித்திரம் ஒன்று எழுதுங்கள்" என்றபோது இந்தச் சொல்தான் முதலில் நினைவுக்கு வந்தது. நம் வட்டாரத்து ஸ்டூடியோக்களைப் பற்றி மற்ற உறுப்பினர்கள் என்னைவிட நன்றாக எழுதுவார்கள். நான் நம் தொழிலின் பாட்டன் வீடுவரை போய்வருகிறேன்: விக்டோரியா ராணி காலத்து லண்டன் ஸ்டூடியோ. அங்கே வந்து உட்கார்ந்தவர்கள் தங்கள் அந்தஸ்தைப் படத்தில் எப்படிக் காட்டிக்கொண்டார்கள், அதில் கடைக்காரரின் பங்கு எவ்வளவு என்பதுதான் எனக்கு ஆர்வமான கேள்வி. நாற்பது வருஷமாக அதே வேலையைச் செய்கிறவனுக்கு வேறென்ன கேள்வி தோன்றும்?

ஆகஸ்ட் 19ஐ நாம் உலகப் புகைப்பட நாள் என்று கொண்டாடுகிறோம். 1839இல் அந்த நாளில்தான் தாகேர் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்த படமெடுக்கும் முறையைப் பிரெஞ்சு அரசு பாரிஸில் பகிரங்கமாக வெளியிட்டு, யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்றது. மேடையில் சொல்லாமல் விடுகிற சங்கதி ஒன்று உண்டு. அதற்கு ஐந்து நாள் முன்னதாக, ஆகஸ்ட் 14ஆம் தேதியே, தாகேரின் ஆள் இங்கிலாந்தில் காப்புரிமை பதிந்துவிட்டார். ஊருக்கெல்லாம் இலவசம், பக்கத்து வீட்டுக்கு மட்டும் விலை! அந்த உரிமையை வாங்கி இங்கிலாந்தின் முதல் படக்கடையைத் திறந்தவர் ரிச்சர்ட் பியர்ட், நிலக்கரி வியாபாரி. கலைஞர்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போது வியாபாரி கடை திறந்துவிடுவது நம் தொழிலின் ஆதி வழக்கம் போலும்.

1841 மார்ச் 23ஆம் தேதி, லண்டன் ரீஜன்ட் தெருவில் ராயல் பாலிடெக்னிக் நிறுவனத்தின் மாடி உச்சியில் அந்தக் கடை திறந்தது. கூரை முழுக்க நீலக் கண்ணாடி. அந்தக் காலத்துத் தகட்டுக்கு நீல ஒளி மட்டுமே உறைக்கும் என்பதால், வெயிலின் கூச்சத்தைக் குறைத்து வேண்டிய ஒளியை மட்டும் உள்ளே விடுகிற ஏற்பாடு. அங்கே போய்வந்த நாவலாசிரியை மரியா எட்ஜ்வொர்த், எல்லோர் முகமும் பேயறைந்தது போல நீலமாக இருந்ததைக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஒரு படத்துக்கு ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங். வீட்டு வேலைக்காரப் பெண்ணுக்கு அன்று வருஷச் சம்பளம் பத்து, பன்னிரண்டு பவுண்டுதான். கணக்குப் பார்த்தால் ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல். ஆகவே அந்த முதல் பத்து வருஷத்தில் தூணும் திரையும் தேவைப்படவில்லை. படம் வைத்திருப்பதே பவுசுதான்.

அந்தப் பவுசை உடைத்தவர் ஃபிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர். 1851இல் கொலோடியன் ஈரத் தகட்டு முறையை வெளியிட்டார். கண்ணாடியில் ஒரு நெகடிவ், அதிலிருந்து எத்தனை காகிதப் பிரதி வேண்டுமானாலும். காப்புரிமை வாங்காமல் உலகத்துக்குக் கொடுத்துவிட்டு, 1857இல் குடும்பத்தை வறுமையில் விட்டுப் போனார். ஆர்ச்சரின் முறையும் தன் உரிமைக்குள்தான் வரும் என்று, காகித நெகடிவ் முறைக்குக் காப்புரிமை வைத்திருந்த டால்பட் தொடுத்த வழக்கில் 1854 டிசம்பரில் ஜூரிகள் டால்பட்டுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார்கள். கதவு திறந்தது. 1851 மக்கள்தொகைக் கணக்கில் புகைப்படத் தொழில் என்று சொல்லிக்கொண்டவர்கள் ஐம்பது பேர் சொச்சம். பத்து வருஷம் கழித்து 2,500க்கும் மேல். இந்தத் தொழிலைத் தொடங்கிவைத்த பியர்ட் அதற்கு முன்பே திவாலாகிவிட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறகு வந்தது விசிட்டிங் கார்டு படம். பாரிஸில் டிஸ்டெரி என்பவர் 1854இல் உரிமை பதிந்த யோசனை: ஒரே கண்ணாடித் தகட்டில் எட்டுப் படம். அச்சடித்து, வெட்டி, இரண்டரைக்கு நாலு அங்குல அட்டையில் ஒட்டிக் கொடுத்தால் விலை மளமளவென்று இறங்கியது. நாம் எட்டு பாஸ்போர்ட் படத்தை ஒரே தாளில் போட்டு வெட்டிக் கொடுப்பதற்கு மூதாதை இதுதான். இந்த அளவைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் அந்தஸ்து விவகாரம் முழுக்க இதில்தான் இருக்கிறது. 1860களின் கார்டுகளில் ஆளைப் பெரும்பாலும் தலை முதல் கால்வரை நிற்கவைத்தே எடுத்தார்கள். நாலு அங்குல அட்டையில் முழு ஆள் நின்றால் முகம் பட்டாணி அளவுதான் வரும். பெண்கள் உடுத்திய, குடைபோல் விரியும் கிரினோலின் பாவாடை பாதி அட்டையைப் பிடித்துக்கொள்ளும். மிச்சம் இருக்கிற இடத்தில் திரை, நாற்காலி, தூண். முகம் சொல்ல வேண்டியதைத் துணியும் சாமானும் சொல்ல வேண்டிய நிலை வந்தது. முகத்தைப் படித்துப் பழகிய நாம் அந்தக் கார்டுகளைப் பார்த்ததும் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன என்று தள்ளிவிடுவோம். துணி எடுக்கப் போகிற பெண்களிடம் காட்டுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை சொல்வார்கள்.

இந்தக் கட்டுரைக்கு நான் எடுத்துக்கொண்ட கடை கமீல் சில்வியுடையது. பிரெஞ்சுக்காரர், 1834இல் பிறந்தவர், தூதரக உத்தியோகத்தில் இருந்தவர். 1859இல் லண்டன் பேஸ்வாட்டர் பகுதியில், 38, போர்செஸ்டர் டெரஸ் என்ற விலாசத்தில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த ஒரு ஸ்டூடியோவை வாங்கினார். விலாசத்திலேயே சாமர்த்தியம் இருக்கிறது. ஹைட் பார்க்குக்குப் பக்கம். குதிரை வண்டி வைத்திருப்பவர்கள் காற்று வாங்க வரும் இடம். மற்றக் கடைகள் ஜன நெரிசலில் வாசலில் கண்ணாடிப் பெட்டி மாட்டி ஆள் பிடித்துக்கொண்டிருக்க, இவர் பணக்காரர்கள் குடியிருக்கும் தெருவிலேயே போய்க் குடியேறினார். சுமார் நாற்பது பேர் வேலை செய்தார்கள். முற்றத்தில் குதிரையோடு வருபவர்களைக் குதிரைமேல் வைத்தே எடுத்தார். உள்ளே ஒரு அறையை "ராணியின் அறை" என்று பெயர் வைத்து அலங்கரித்து வைத்திருந்தார், விக்டோரியா ராணி ஒரு நாள் வருவார் என்ற நம்பிக்கையில். ராணியின் கணவர் ஆல்பர்ட் 1861இல் சில்வியின் கேமராவுக்கு முன் நின்றார், உறவினரும் அரண்மனைக்காரர்களும் வரிசையாக வந்தார்கள், ராணி மட்டும் கடைசிவரை வரவே இல்லை. வராவிட்டால் என்ன? அப்படி ஓர் அறை இருக்கிற வீட்டில் படம் எடுத்துக்கொண்டேன் என்று சொல்லிக்கொள்வதே மற்றவர்களுக்குப் போதுமானதாக இருந்திருக்கும்.

ஒன்பது வருஷத்தில் 17,000க்கும் மேற்பட்ட உருவப்படங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பிரதியைப் பதிவேட்டில் ஒட்டி, எண் போட்டு, பேர் எழுதிவைத்தார்கள். மறுபடி பிரதி கேட்டு வந்தால் நெகடிவைத் தேடி எடுக்க வேண்டுமே, அதற்காக. அந்த ஏடுகளில் பன்னிரண்டு இன்று லண்டன் தேசிய உருவப்படக் காட்சியகத்தில் இருக்கின்றன. 1904இல் விலைக்கு வாங்கியது. லண்டன் மேல்தட்டு முழுக்க வந்த வரிசையில் ஒட்டியிருக்கிறது. பிரபு, பிரபுவின் சம்சாரம், பாதிரியார், படைத் தளபதி, பாட்டுக்காரி அடெலினா பாட்டி, எல்லோரும் எண்தான்.

அந்த ஏட்டில் 1862 செப்டம்பர் 15ஆம் தேதிப் பக்கத்தில் சாரா ஃபோர்ப்ஸ் போனெட்டாவின் படங்கள் இருக்கின்றன. மேற்கு ஆப்பிரிக்காவில் யொருபா குலத்தில் பிறந்தவர். தாஹோமி அரசரிடம் சிறைப்பட்டிருந்த சிறுமியை 1850இல் ஃபோர்ப்ஸ் என்ற ஆங்கிலக் கப்பல் தலைவருக்கு "அன்பளிப்பாக" கொடுத்தார்கள். அவர் இங்கிலாந்துக்கு அழைத்துவர, விக்டோரியா ராணி அந்தப் பெண்ணின் செலவை ஏற்றுப் பொறுப்பெடுத்துக்கொண்டார். பேரிலேயே கதை இருக்கிறது: ஃபோர்ப்ஸ் தலைவரின் பெயர், போனெட்டா அவர் வந்த கப்பலின் பெயர். 1862 ஆகஸ்டில் பிரைட்டன் நகரத்தில் ஜேம்ஸ் டேவிஸ் என்ற ஆப்பிரிக்க வியாபாரியோடு கல்யாணம். மறுமாதம் சில்வியின் கடை. படத்தைப் பாருங்கள். அகன்ற கிரினோலின் பாவாடை, ஒடுங்கிய இடை, நேர்த்தியாக நிமிர்ந்த முதுகு. அதே ஏட்டில் இருக்கும் எந்தப் பிரபு வீட்டுப் பெண்ணின் நிலையும் இதுதான். சில்வி இவருக்கென்று தனியாக யானையையோ பனைமரத்தையோ திரையில் எழுதவில்லை. இன்னொரு கடைக்காரர் எழுதியிருப்பார். ஒரு கடை தன் வாடிக்கையாளருக்குக் கொடுக்கக்கூடிய பெரிய மரியாதை, மற்றவர்களுக்குப் போட்ட அதே நாற்காலியைப் போடுவதுதான் என்று எனக்குப் படுகிறது.

இந்த ஏடுகளையும் அக்காலத்துக் கார்டுகளையும் பார்க்க நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். எல்லோரும் "இவர் பணக்காரரா, ஏழையா?" என்று பார்ப்பார்கள். நான் "இதில் எது கடைக்காரருடையது, எது வந்தவருடையது?" என்று பார்ப்பேன். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது எங்கள் கடையில் தொங்கிய ஒரு கறுப்பு கோட். அப்பா வாங்கியது, பெரிய உடம்புக்காரர்களுக்காக முதுகில் கிழித்து விட்டிருக்கும், ஒல்லியானவர்களுக்கு அதே கிழிசலை மடித்து கிளிப் போடுவோம். முன்பக்கம் பார்த்தால் தைத்துப் போட்டது போல நிற்கும். எங்கள் ஊர் மாப்பிள்ளைகளில் பாதிப் பேர் பெண் வீட்டுக்கு அனுப்பிய படத்தில் போட்டிருப்பது அந்தக் கோட்தான். அதை அறிந்தவன் எந்தக் கோட்டையும் சும்மா பார்க்கமாட்டான்.

தூண், திரை, கைப்பிடிச் சுவர், பூச்சாடி, செதுக்கு வேலை நாற்காலி, கம்பளம் எல்லாம் கடைக்காரருடையவை. ஓவியர்கள் ராஜாக்களையும் பிரபுக்களையும் எழுதும்போது பின்னால் வைத்த தூணும் பட்டுத் திரையும்தான் அப்படியே இறங்கி வந்தன. கல் தூணுக்குப் பதிலாக மரச்சட்டத்தில் வர்ணம் பூசிய தூண். அது கம்பளத்தின் மேல் நிற்கும்! எந்த அரண்மனையில் தூண் கம்பளத்தின் மேல் நிற்கிறது என்று அந்தக் காலத்துத் தொழில் பத்திரிகையே கேலி செய்தது. ஆனாலும் தூண் போகவில்லை. ஒரே தூணில் காலையில் கர்னல் சாய்ந்திருப்பார், மத்தியானம் மளிகைக் கடைக்காரர் சாய்ந்திருப்பார். அதனால் தூணை வைத்து யாருடைய அந்தஸ்தையும் சொல்ல முடியாது. சாய்ந்த விதத்தை வைத்துச் சொல்லலாம். வீட்டில் தூண் இருந்தவர் அதன் மேல் முழங்கையை மறந்துபோய் வைத்திருப்பார். மற்றவர் அது விழுந்துவிடுமோ என்று தொட்டுக்கொண்டிருப்பார்.

கடைக்காரருடைய இன்னொரு சாமான் தலைத் தாங்கி. கனத்த இரும்பு அடி, அதிலிருந்து மேலே போகும் கம்பி, உச்சியில் பிடரியைப் பிடிக்கும் கவை. சில வினாடிகள் அசையாமல் நிற்க வேண்டுமே. பழைய கார்டில் நிற்பவரின் குதிகாலுக்குப் பின்னால் உற்றுப் பாருங்கள், அந்த இரும்பு அடி எட்டிப்பார்க்கும். கைக்குழந்தை என்றால் தாயின் மேல் திரைத்துணியைப் போர்த்தி நாற்காலி போல உட்காரவைத்து, மடியில் பிள்ளையை வைத்து எடுப்பார்கள். தாய் படத்தில் இருக்கிறாள், ஆனால் நாற்காலியாக இருக்கிறாள்.

ஏன் ஒருவரும் சிரிக்கவில்லை என்று என்னிடம் கேட்காதவர் இல்லை. நேரம் அதிகம் பிடித்தது, பல் மோசம் என்றெல்லாம் பதில் சொல்கிறார்கள். மரியாதைதான் காரணம் என்பது என் கட்சி. ஐரோப்பிய ஓவியத்தில் பல் தெரியச் சிரிப்பவர்கள் குடிகாரர்களும் கோமாளிகளும். ஒரு கினி கொடுத்துக் கோமாளியாக யார் நிற்பார்கள்? நம் ஊரில் தாத்தா படங்களும் அப்படித்தானே முறைத்துக்கொண்டிருக்கின்றன.

இனி வந்தவருடையது. முதலில் துணி. ஈரத் தகட்டுக்கு நிறமெல்லாம் தலைகீழ். நீலம் வெள்ளையாகிவிடும், சிவப்பும் மஞ்சளும் கறுத்துப்போகும். ஆசையாக நீலப் பட்டு உடுத்தி வந்த பெண் படத்தில் வெளுத்த துணியோடு நிற்பாள். அதனால் என்ன உடுத்தி வரலாம், என்ன கூடாது என்று கடைக்காரர்களே சீட்டு அச்சடித்துக் கொடுத்தார்கள். தகட்டுக்கு மிகவும் பிடித்தது கறுப்புப் பட்டு. மடிப்பின் மேட்டில் ஒளி வழுக்கி, பள்ளத்தில் இருள் தங்கும். பருத்தியில் அந்தப் பளபளப்பு வராது. தட்டையாக, சாம்பல் பூசியது போலக் கிடக்கும். நிறத்தைத் தின்றுவிட்ட தகடு துணியின் தரத்தை மட்டும் காட்டிக்கொடுத்தது. ஒரே கறுப்பு உடையில் நிற்கும் இரண்டு பெண்களில் யார் எஜமானி என்று ஒளியை வைத்தே சொல்லிவிடலாம்.

ஆண்களுக்கு உயரத் தொப்பி, கையுறை, மார்புச் சட்டையின் குறுக்கே போகும் கடிகாரச் சங்கிலி. சங்கிலியின் முனையில் கடிகாரம் இருந்ததா என்று படம் சொல்லாது. பெண்களின் கையில் அடிக்கடி ஒரு புத்தகம். 1840களில் இங்கிலாந்தில் கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்துப் போடத் தெரியாமல் கீறல் போட்ட மணப்பெண்கள் ஏறக்குறையப் பாதி. அந்தத் தலைமுறைக்குப் புத்தகம் அலங்காரச் சாமான் இல்லை. கணவர் உட்கார்ந்திருக்க மனைவி நிற்கும் படங்களைக் காட்டி அந்தக் காலத்துப் பெண்ணடிமைத்தனம் என்று சொல்வதுண்டு. அது இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் கடைக்காரனாகச் சொல்கிறேன், அந்த அகலப் பாவாடையோடு நாற்காலியில் உட்கார்ந்தால் முன்பக்கம் முழுக்கத் துணி மேடாகிவிடும். நின்றால்தான் வெட்டும் தையலும் தெரியும். துணிக்குச் செலவழித்தவர் அதைத்தான் கேட்டிருப்பார்.

எல்லாவற்றையும்விட மறைக்க முடியாதது கை. ஹானா கல்விக் என்ற பெண்ணின் படங்களை இதற்காகவே பார்க்க வேண்டும். 1833இல் ஷ்ராப்ஷையரில் பிறந்து, சிறுவயது முதல் பாத்திரம் தேய்த்து, தரை துடைத்து, பூட்ஸ் துலக்கிப் பிழைத்தவர். ஆர்தர் மன்பி என்ற படித்த உத்தியோகஸ்தருக்கு உழைக்கும் பெண்கள்மேல் ஒரு விசித்திரமான ஈடுபாடு. இருவரும் 1873இல் யாருக்கும் தெரியாமல் கல்யாணம் செய்துகொண்டார்கள். மன்பியின் விருப்பத்துக்காக ஹானா கடைகடையாகப் போய்ப் பல வேஷத்தில் படம் எடுத்துக்கொண்டார். அழுக்கு உடையில் வேலைக்காரியாக, கரி பூசிய புகைபோக்கி துடைப்பவராக, பட்டுடுத்திய சீமாட்டியாக. சீமாட்டி வேஷத்தில் உடையும் தலை அலங்காரமும் குறையில்லாமல் இருக்கின்றன. முகமும் கம்பீரமானதுதான். பருத்த கைகள்தான் உண்மையைச் சொல்கின்றன. சில படங்களில் மணிக்கட்டில் ஒரு தோல் பட்டையும் தெரியும். மன்பி சேர்த்த படங்களும் ஹானா எழுதிய நாட்குறிப்புகளும் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் இருக்கின்றன. நாம் டச்சிங் பென்சிலை எடுத்து முகத்தைத்தான் திருத்துவோம். கையைத் திருத்த யாரும் கேட்டதில்லை, நமக்கும் தோன்றியதில்லை.

எஜமானர் செலவில் எடுத்த வேலைக்காரர் படங்கள் வேறு ரகம். வேல்ஸில் எர்டிக் என்ற மாளிகைக்காரர்கள் தங்கள் பணியாட்களை 1852இலேயே வரிசையாக நிற்கவைத்து எடுத்திருக்கிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் அவரவர் தொழில் சாமான். இதே ஆட்கள் தங்கள் சொந்தக் காசில் ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போயிருந்தால் துடைப்பத்தை எடுத்துக்கொண்டா போயிருப்பார்கள்?

ஏழைகளுக்கு வேறு கடை இருந்தது. ஆறு பென்னி, சில இடத்தில் ஒரே பென்னி. வாசலில் நின்று வழியில் போகிறவர்களைக் கையைப் பிடிக்காத குறையாக உள்ளே இழுக்க ஆள் வைத்திருந்தார்கள். ஹென்றி மேஹ்யூ லண்டன் உழைப்பாளிகளிடம் பேட்டி எடுத்து எழுதிய நூலில் அப்படி ஒரு தெருப் படக்காரர் தன் திருகுதாளங்களை வெட்கமே இல்லாமல் சொல்லியிருக்கிறார். படம் சரியாக வராவிட்டால் கையில் கிடக்கும் வேறு யாருடைய படத்தையோ சுற்றிக் கொடுத்துவிடுவாராம். வாங்கியவர்களும் திருப்தியாகப் போனார்களாம். படித்துவிட்டுச் சிரித்தேன், பிறகு கொஞ்சம் உறுத்தியது. நிலைக்கண்ணாடி வைக்க வசதியில்லாதவர்கள் தங்கள் முகத்தை எங்கே பார்த்திருப்பார்கள்?

ஏழ்மையையும் கடையில் தயாரிக்க முடியும் என்பதற்கு டாக்டர் பர்னார்டோ சாட்சி. அனாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தியவர். இல்லத்துக்கு வரும்போது கந்தலில் ஒரு படம், சேர்ந்து தேறிய பிறகு சுத்தமாக ஒரு படம் என்று எடுத்து, கார்டாக விற்று நிதி திரட்டினார். பல "முன்" படங்களில் பிள்ளைகளை இருந்ததைவிடக் கந்தலாகக் காட்டியிருக்கிறார்கள் என்று புகார் கிளம்பி, 1877இல் நடுவர் விசாரணைவரை போனது. இல்லத்தின் பணியை ஒப்புக்கொண்ட நடுவர்கள் இந்தப் படங்களைக் கண்டித்தார்கள். அவர் பிள்ளைகளுக்குச் செய்த நன்மையைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது. ஆனால் பிள்ளையின் சட்டையைப் படத்துக்காகக் கிழிப்பது நம் தொழிலுக்கு இழுக்குத்தான்.

ராணிக்கு வருவோம். சில்வியிடம் போகாத ராணி, மேயால் என்ற படக்காரருக்கு உட்கார்ந்தார். 1860இல் மேயால் வெளியிட்ட அரச குடும்ப ஆல்பத்தில் கிரீடம் கிடையாது, செங்கோல் கிடையாது. எந்த வக்கீல் வீட்டு அம்மாளும் உடுத்தும் உடையில் ராணி, பக்கத்தில் கணவர். கடைகளில் விற்றது, ஜனங்கள் அடித்துப்பிடித்து வாங்கினார்கள். 1861 டிசம்பரில் ஆல்பர்ட் இறந்த ஒரே வாரத்தில் அவர் படத்துக்கு ஒரு விற்பனைக் கடைக்கு மட்டும் 70,000 பிரதிகளுக்கு ஆர்டர் வந்ததாகச் சொல்வார்கள். ராணியின் மருமகள் இளவரசி அலெக்சாண்ட்ரா தன் பெண் குழந்தையை உப்புமூட்டை தூக்கியிருக்கும் டௌனி கம்பெனிப் படம் மூன்று லட்சம் விற்றது. இதெல்லாம் எங்கே போயின? வீட்டு ஆல்பத்துக்கு. பித்தளைக் கொக்கி போட்ட தடித்த ஆல்பத்தில் முதல் பக்கம் ராணி, அடுத்துப் பிரதமர், அதற்கடுத்து மாமா, சித்தி, சொந்தக் குழந்தைகள். எல்லோரும் ஒரே அளவு அட்டை, பலருக்குப் பின்னால் ஒரே மாதிரித் தூண். கார்டைத் திருப்பினால் பின்புறத்தில் அரச சின்னம், வாங்கிய பதக்கங்கள், "அரச குடும்பத்தாரின் ஆதரவு பெற்றது" என்ற வரி. மளிகைக் கடைக்காரரின் படத்துக்குப் பின்னால் ராணியின் முத்திரை!

இந்தத் தூண் வேலையெல்லாம் பிடிக்காத ஒருவர் ஜூலியா மார்கரெட் கேமரன். கல்கத்தாவில் 1815இல் பிறந்தவர். 48ஆவது வயதில் மகள் கொடுத்த கேமராவோடு தொடங்கினார். திரை இல்லை, சாமான் இல்லை, முகத்துக்கு மிக அருகில் போய், குவியம் கலங்கினாலும் கவலைப்படாமல் எடுத்தார். தன் வீட்டு வேலைக்காரப் பெண் மேரி ஹில்லியரை மாதாவாக நிறுத்தினார். இவர் 1875இல் இலங்கைக்குக் குடிபோய், அங்கே தோட்டத்துத் தமிழர்களையும் எடுத்தார். 1879இல் அங்கேயே இறந்து பொகவந்தலாவையில் அடக்கமானார். அந்தத் தமிழர்களின் முகங்கள் இன்று உலகத்துப் பெரிய காட்சியகங்களில் இருக்கின்றன. பெயர்கள்தான் அநேகமாக இல்லை. இங்கிலாந்தில் கவிஞர் டென்னிசனை எடுத்தபோது பெயரெழுத மறக்காத அதே அம்மாள்தான்.

சில்வி 1868இல் கடையை விட்டுவிட்டுப் பிரான்சுக்குத் திரும்பினார். இருட்டறையில் கையாண்ட சயனைடு தன் நரம்பைக் கெடுத்துவிட்டது என்று நம்பினார். வாழ்க்கையின் கடைசி முப்பது ஆண்டுகளை மருத்துவமனைகளில் கழித்து 1910இல் இறந்தார். நாற்பது பேர் வேலை பார்த்த கடையில் தூணும் திரையும் போன இடம் தெரியாது. நின்றது கணக்குப் பிள்ளை எழுதிய அந்த ஏடு. அது இல்லையென்றால் சாராவின் படம் யாரோ ஓர் ஆப்பிரிக்கப் பெண்ணின் படமாகியிருக்கும்.

எங்கள் கடையிலும் அப்படி ஏடுகள் இருந்தன. நீளவாக்கில் கோடு போட்ட பெரிய நோட்டு. எண், பேர், ஊர், அளவு, முன்பணம், பாக்கி. அப்பாவின் கையெழுத்து. டிஜிட்டல் வந்து கடையைப் புதுப்பித்தபோது கரையான் அரித்தது என்று நானே அவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டேன். நெகடிவ் பெட்டிகள் மட்டும் மிச்சம். ஒவ்வொரு உறையிலும் ஒரு எண் இருக்கிறது, அந்த எண்ணுக்கு உரியவர் யார் என்று சொல்ல இப்போது யாரும் இல்லை.

சங்கத்துத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கடைப் பரணில் பழைய ஆர்டர் நோட்டு இருந்தால், எவ்வளவு கிழிந்திருந்தாலும், எடைக்குப் போடாதீர்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைக்க நான் கேமராவோடு வருகிறேன்.